டீச்சர் கொண்டுவந்த பென்டிரைவ்

போன ஆவணியில் ஒரு காலை. கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் படியேறி வந்தார். பாளையங்கோட்டையில் எங்களுடையது சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு, சிற்றிதழ், புத்தகம் என்று எது வந்தாலும் வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவோம். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். தொலைந்துவிடக் கூடாது என்று அதைச் சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே ‘பாடல்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்.

“பதினோரு வருஷமாச் சேர்த்தது தம்பி. முந்நூத்திப் பன்னெண்டு பாட்டு. எல்லாம் இதுல இருக்கு.”

தாமிரபரணிக் கரையோர ஊர்களில் வயதான பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு. பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை என்றார்.

பென்டிரைவைச் செருகித் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு மஞ்சள் ஃபோல்டர். அதன் இடது கீழ் மூலையில் ஒரு குட்டி அம்பு. அளவைப் பார்த்தால் இரண்டு கிலோபைட்கூட இல்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த அம்பைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். “டீச்சர், பாட்டு எல்லாம் உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. பயப்படாதீங்க. இதுல வந்திருக்கிறது அது இருக்கிற இடத்தோட விலாசம் மட்டும்தான்” என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “டெஸ்க்டாப்ல இருந்த ஃபோல்டரை அப்படியே இழுத்துத்தானே போட்டேன்?” என்று இரண்டு முறை கேட்டார். பேரனுக்குப் போன் போட்டு, டி டிரைவில் உண்மையான ஃபோல்டர் பத்திரமாக இருக்கிறது என்று அவன் சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

அவர் செய்ததில் தப்பே இல்லை. திரையில் மஞ்சள் உறையைப் படமாக வரைந்து காட்டினால், அதற்குள் தாள் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உறையை எடுத்துப் பையில் போட்டால் தாளும் கூடவே வர வேண்டும். உலகத்தில் எல்லா உறையும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் ஷார்ட்கட் என்ற அம்புபோட்ட உறை மட்டும் அப்படியில்லை. இதை யாராவது முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தால் அவர் அன்று அப்படிப் பதறியிருக்க வேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வார்த்தைகளைப் பார்க்கலாம். ‘கோப்பு’ என்றால் கோத்தது. பூவைக் கோப்பதும் பாசியைக் கோப்பதும் அதே சொல்தான். என் அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக அடுக்கும் அவர் வேலைக்குப் பெயரே அச்சுக்கோப்பு. ஆங்கிலத்தில் ஃபைல் என்ற சொல்லும் நூல், இழை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். தாள்களை நூலில் கோத்து வைத்த காலத்துச் சொல் அது. நம் ஓலைச்சுவடியில் துளையிட்டுக் கயிறு கோத்ததும் அதே வேலைதான். இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே கயிற்றைப் பிடித்திருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

ஃபோல்டருக்குத் தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று கோப்புறை, அதாவது கோப்பை இடும் உறை. இன்னொன்று அடைவு. டைரக்டரி என்பதற்காக வந்த சொல் அது. கோப்புறைதான் பரவலாக நிலைத்தது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் நடப்பதைச் சரியாகச் சொல்வது அடைவுதான். பழைய இலக்கியப் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்குச் சொல்லடைவு தெரியும். ஒரு நூலில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல். சொல்லடைவுக்குள் நூல் கிடையாது. நூலில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். வீட்டில் தடியாக ஒரு டெலிபோன் டைரக்டரி கிடந்த காலம் நினைவிருக்கிறதா? அதில் ஊரே இருந்தது, ஆனால் பெயரும் எண்ணுமாக.

கோப்புறையும் அப்படி ஒரு பட்டியல்தான். பெயர் ஒரு பக்கம், அந்தப் பெயருக்குரிய பொருள் வட்டில், அதாவது டிஸ்கில், எங்கே கிடக்கிறது என்பதற்கான குறிப்பு இன்னொரு பக்கம்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1965-இல் போய் நிற்கும். எம்ஐடி, பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. அதற்காக ராபர்ட் டேலியும் பீட்டர் நியூமனும் அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓர் அடைவுக்குள் கோப்பும் இருக்கலாம், இன்னோர் அடைவும் இருக்கலாம், அதற்குள் இன்னொன்றும் இருக்கலாம். இப்படி மரம்போலக் கிளை பிரிந்து போகலாம் என்று அதில் விவரித்தார்கள். இன்று நம் போனிலிருந்து சர்வர்வரை எல்லாவற்றிலும் இருப்பது அந்த மரம்தான்.

மல்டிக்ஸிலிருந்து பெல் ஆய்வகம் விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். எனக்கு இந்த விஷயம் உண்மையில் புரிந்தது யூனிக்ஸின் பழைய அடைவு எப்படி இருந்தது என்று படித்தபோதுதான். அந்த அடைவில் ஒவ்வொரு வரியும் சரியாக 16 பைட். முதல் 2 பைட் ஓர் எண். மீதி 14 பைட் பெயர். அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு ஐநோட் எண் என்று பெயர். கோப்பின் அளவு, சொந்தக்காரர், யார் படிக்கலாம் யார் எழுதலாம், கடைசியாக எப்போது திருத்தினார்கள், வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற விவரமெல்லாம் ஐநோட்டில் இருக்கும். அங்கே இல்லாத ஒன்று பெயர். பெயர் அடைவில் மட்டும்தான். கோப்புக்குத் தன் பெயரே தெரியாது!

யூனிக்ஸைப் போன்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் இதை இப்போதே பார்க்கலாம். எல்எஸ் கட்டளையோடு ஒரு சிறு கோடும் ஐ என்ற எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள் (ls -i). ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஓர் எண் வரும். இப்போது எல்என் (ln) கட்டளையால் ஒரு கோப்புக்கு வேறோர் அடைவில் இரண்டாவது பெயர் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு பெயருக்கும் ஒரே எண். ஒன்றைத் திறந்து ஒரு வரி சேர்த்துச் சேமித்தால் மற்றதிலும் அந்த வரி இருக்கும். நகல் எடுக்கவில்லை, ஒரு பொருளுக்கு இரண்டு இடத்தில் பெயர் எழுதியிருக்கிறோம். அப்புறம் முதல் பெயரை அழித்தால் கோப்பு போகாது. தனக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்ற கணக்கை ஐநோட் வைத்திருக்கும். கடைசிப் பெயரும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் (புரோகிராமும்) மூடிய பிறகுதான் இடம் காலியாகும்.

மேசையும் உறையும் இதற்கெல்லாம் பிற்பாடு வந்தவை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கணினி 1981-இல் அலுவலக மேசையைத் திரையில் வரைந்தது. ஆப்பிளின் மேக்கின்டாஷ் 1984-இல் அதை எளியவர்களிடம் கொண்டுவந்தது. முதல் மேக்கில் வட்டுக்குள் கோப்புறை என்ற ஒன்றே கிடையாது. எல்லாக் கோப்பும் ஒரே வரிசையில் கிடக்கும். திரையில் கோப்புறைக்குள் இருப்பதுபோலக் காட்டுவதெல்லாம் ஃபைண்டர் என்ற நிரல் போட்ட படம். வேறொரு நிரலுக்குள் போய்க் கோப்பைத் திறக்கப் போனால் உறையெல்லாம் மறைந்து எல்லாப் பெயரும் ஒரே பட்டியலாக வந்து நிற்கும். 400 கிலோபைட் ஃபிளாப்பிக்கு அது போதும் என்று விட்டிருந்தார்கள். 1985-இல் 20 மெகாபைட் ஹார்டு டிஸ்க் வந்தபோதுதான் மேக்குக்கு மெய்யான அடைவு வந்தது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ் டாஸ் இயங்குதளத்திலும் 1981-இல் அடைவு இல்லை, 1983-இல் இரண்டாம் பதிப்போடுதான் வந்தது. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான். ஹார்டு டிஸ்க் வந்ததும் கோப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகின. பட்டியலைக் கிளை பிரிக்காமல் சமாளிக்க முடியவில்லை. டைரக்டரியை ஃபோல்டர் என்று விண்டோஸ் கூப்பிட ஆரம்பித்தது 1995-இல். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு என்பதால், நமக்குப் படம்தான் முதலில் வந்தது, பட்டியல் வரவேயில்லை.

பட்டியல் என்று ஒருமுறை பிடிபட்டால் தினமும் பார்க்கும் பல விஷயங்கள் தாமாக விளங்கும். கல்யாண வீடியோ ஒன்று 40 ஜிபி. அதை டி டிரைவிலேயே ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். சி டிரைவுக்கு மாற்றினால் டீ குடித்துவிட்டு வரலாம். ஏனென்றால் முதல் வேலையில் வீடியோ நகரவே இல்லை. ஒரு பட்டியலில் பெயரை அடித்து இன்னொரு பட்டியலில் எழுதினார்கள். இரண்டாவதில் பட்டியல் வேறு நிலத்தைச் சேர்ந்தது. 40 ஜிபியையும் சுமந்துபோய் இறக்கியாக வேண்டும்.

அழிப்பதும் பெயர் விவகாரம்தான். விண்டோஸில் ரீசைக்கிள் பின் என்பது ஒவ்வொரு டிரைவிலும் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர். நாம் அழித்த கோப்பு வேறு பெயரில் அங்கே போய் உட்காரும். பழைய பெயரும் இருந்த இடமும் அழித்த நேரமும் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் மீட்கும்போது சரியான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. பென்டிரைவில் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. அங்கே அழித்தால் நேரடியாகப் பட்டியலில் அடித்துவிடும். பென்டிரைவுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஃபேட் முறையில் அடிப்பது என்றால் என்ன தெரியுமா? பட்டியலில் அந்தப் பெயரின் முதல் எழுத்து இருக்கும் பைட்டில் 229 என்ற எண்ணை எழுதுவது. முதல் எழுத்து போனால் அந்த வரி செல்லாது என்று பொருள். டாஸ் காலத்தில் அழித்த கோப்பை மீட்கும் கட்டளை கொடுத்தால், பெயரின் முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள் என்று நம்மிடமே கேட்கும். பெயரின் மற்ற எழுத்துகளெல்லாம் பட்டியலில் அப்படியே இருக்கும்.

அதனால்தான் பென்டிரைவில் தெரியாமல் அழித்துவிட்டேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் சொல்வது, உடனே பிடுங்குங்கள், அதில் வேறு எதையும் எழுதாதீர்கள். பொருள் இருந்த இடம் காலி என்று அறிவிக்கப்பட்டிருக்கிறதே தவிர, இன்னும் அங்கேயேதான் கிடக்கும். இப்போது கணினிகளில் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை வைக்க முடியாது. காலியான இடத்தை அது தானாகவே சீக்கிரம் துடைத்துவிடும்.

சரி, டீச்சரிடம் திரும்பிப் போவோம். மறுநாள் பேரனே உண்மையான ஃபோல்டரைக் கொண்டுவந்தான். திறந்து பார்த்தால் வேறொரு சிக்கல் காத்திருந்தது. என்னைப் பொறுத்தவரை அதுதான் பெரியது.

அவர் பாட்டுகளை வகைவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். தாலாட்டு ஒரு ஃபோல்டர், ஒப்பாரி ஒரு ஃபோல்டர் என்று ஒன்பது. உள்ளே ஊர்வாரியாகத் துணைப் பிரிவு. எண்ணிப் பார்த்தால் 312-க்குப் பதிலாக 371 கோப்புகள்.

“சிலது ரெண்டு இடத்திலயும் வரும் தம்பி. பிள்ளையப் பறிகொடுத்த தாய் அழுதது இருக்கு. அதை ஒப்பாரியில வைக்கணும். ஆனா அவ தொட்டில் பாட்டு மெட்டுலதான் அழுதிருக்கா. ஆராரோன்னு வருது. தாலாட்டுல வைக்காம எப்படி? அதான் ரெண்டுலயும் காப்பி பண்ணி வச்சேன்.”

அப்புறம் ஒன்றில் திருத்தம் செய்திருக்கிறார். மற்றதில் செய்ய மறந்திருக்கிறார். அந்த 59 ஜோடிகளில் எது சரியான பாடம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு நான்கு நாள் ஆனது.

மர வடிவத்தின் உண்மையான குறை இது. ஒரு கோப்பு ஒரு கிளையில்தான் இருக்கலாம் என்று நாம் பழகிவிட்டோம், ஆனால் பொருள்கள் அப்படி ஒரே வகையில் அடங்குவதில்லை. இதோடு மல்லுக்கட்டியவர் நம் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை 1924-இல் ஏற்றவர். நூலகங்களில் நூல்களை வகைபிரிக்கும் மெல்வில் டூயியின் தசமப் பகுப்பு 1876-லிருந்து இருக்கிறது; அது மரம். ஒவ்வொரு நூலுக்கும் முன்கூட்டியே ஒரு கிளை ஒதுக்கப்பட்டிருக்கும். இரங்கநாதன் அதற்கு மாற்றாக 1933-இல் கோலன் பகுப்பை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே கிளையில் தள்ளாமல், அது எதைப் பற்றியது, என்ன பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று பல முகங்களாகப் பிரித்து, அந்தத் துண்டுகளைச் சேர்த்து எண் அமைப்பது அவர் முறை. துண்டுகளைப் பூட்டி விதவிதமாகப் பொம்மை செய்யும் மெக்கானோ பெட்டியை லண்டன் கடையில் பார்த்தபோது இந்த யோசனை வந்தது என்று சொல்லப்படுகிறது. இன்று போனில் ஒரே புகைப்படம் இடத்தின் கீழும் ஆளின் கீழும் தேதியின் கீழும் வருகிறதே, அந்தச் சிந்தனைக்கு இது மிகவும் நெருக்கமானது. நூலகத்திலும் புத்தகம் ஒரே அலமாரியில்தான் நிற்கும். அதற்கான அட்டைகள் மட்டும் ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று என்று பல இடத்தில் இருக்கும்.

ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் கொடுக்கும் யூனிக்ஸ் வழி விண்டோஸிலும் உண்டு. டீச்சருக்கு அதைச் செய்து கொடுக்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். வேர்டு போன்ற நிரல்கள் சேமிக்கும்போது பழைய கோப்பின்மேல் எழுதாமல், புதிதாக ஒன்றை எழுதி அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடும். அந்த நிமிடத்தில் இரட்டைப் பெயர் உறவு அறுந்துபோகும். வெளியே எதுவும் தெரியாது. மறுபடி 59 ஜோடிகள் வந்து நிற்கும்.

கடைசியில் ஒன்பது ஃபோல்டர்களையும் கலைத்தோம். எல்லாப் பாட்டும் ஒரே ஃபோல்டரில். ஒவ்வொன்றுக்கும் 001, 002 என்று எண். பூஜ்ஜியத்தை முன்னால் போடுவதற்குக் காரணம் உண்டு. எண்ணைப் புரிந்துகொண்டு அடுக்கும் நிரலில் 2-க்குப் பிறகு 10 வரும். எழுத்தாக மட்டும் பார்க்கும் நிரலில் 10 முந்திக்கொள்ளும். பூஜ்ஜியம் இருந்தால் எங்கே போனாலும் வரிசை கலையாது. பக்கத்தில் ஓர் எக்செல் கோப்பு. எண், முதல் அடி, வகை, இன்னொரு வகை, ஊர், பாடியவர், கேட்ட ஆண்டு என்று பத்தி பிரித்தோம்.

பெயரில் முன்பு பாட்டின் முதல் இரண்டு அடிகளை அப்படியே வைத்திருந்தார். அதை நாங்கள் சுருக்க வேண்டியிருந்தது, அது தமிழுக்கே உரிய ஒரு கஷ்டம். எங்கள் கடையில் காப்பு எடுக்கும் கணினி லினக்ஸில் ஓடுகிறது. அங்கே ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. ‘கோப்பு’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 18 பைட் ஆகிறது. பழைய யூனிக்ஸின் 14 பைட் பெயருக்குள் அந்தச் சொல்கூட அடங்காது. 255-இல் 85 குறிதான் கொள்ளும். அதனால் விண்டோஸில் ஒழுங்காக இருந்த 20 கோப்புகளை லினக்ஸ் வாங்கவே மறுத்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. பட்டியலில் ‘கொலுசு’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள், ஒரே ஃபோல்டரில், எழுத்துக்கு எழுத்து அதே பெயர். அப்படி இருக்கவே கூடாது. பெயரை அடித்துத் துழாவியபோது தெரிந்தது, ஒன்றில் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. இன்னொன்றில் கொம்பு தனி, கால் தனி. பழைய எழுத்துருவிலிருந்து யாரோ மாற்றிக் கொடுத்தபோது வந்தது அது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான், ஆனால் விண்டோஸ் அந்தச் சமன்பாட்டைப் பார்ப்பதில்லை. நம் கண்ணுக்கு ஒன்று, பட்டியலுக்கு இரண்டு. தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் பெயர் வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் எக்செல் கோப்பை நிரப்பிக் கொண்டுவந்தார். நான் போட்டுக் கொடுத்த பத்திகளோடு அவராக ஒன்று சேர்த்திருந்தார்: ‘பாடும்போது கை என்ன செய்தது’. நாற்று நடுதல், தொட்டில் ஆட்டுதல், உரல் இடித்தல், மாரடித்தல், சும்மா. அந்தப் பத்தியில் ‘தொட்டில் ஆட்டுதல்’ என்று வடிகட்டச் சொன்னார். 46 வரிகள் வந்தன. கீழே இறங்கிப் போனால், ஏழு வரிகளில் வகை ஒப்பாரி என்றிருந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். “ஒண்ணு ரெண்டுன்னு நெனச்சிருந்தேன். ஏழு பேர் காலித் தொட்டிலை ஆட்டிக்கிட்டே பாடியிருக்காங்க தம்பி. ஊர் ஊரா தனித்தனியா வச்சிருந்ததால எனக்கே தெரியல.”

புத்தகத்தில் அந்த ஏழும் தனி இயலாக வருகின்றன. தாளில் ஒரு வரிசைதானே முடியும், அதனால் பின்னால் பாட்டு முதற்குறிப்பு அடைவு ஒன்றும், ஊர் அடைவு ஒன்றும், கைவேலை அடைவு ஒன்றும் சேர்க்கிறோம். மெய்ப்பு இரண்டாம் சுற்றில் இருக்கிறது. தைக்கு முன்னால் அச்சுக்குப் போய்விடும்.